ஆளேறினால் அடங்கும் வண்டி

“ரோடு ஏம்ப்பா என்னைய மட்டும் அடிக்குது?” என்று எட்டு வயது தேன்மொழி ஒருமுறை பஸ்ஸில் கேட்டாள். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆன பிள்ளை. மாதம் இரண்டு தடவை மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். வண்டி வாங்குவது என்று அப்பன் மாதேஸ்வரன் அன்றே முடிவு செய்தான்.

அது 2003. சேலத்தில் பழைய வண்டி விற்கும் அருள்பிரகாஷ் ஒரு வெளிநாட்டுக் காரையும் ஒரு ஜீப்பையும் காட்டினார்.

“இந்தக் காரு ரோட்டையும் பாரத்தையும் பார்த்துத் தானா இளகிக்கும், தானா இறுகிக்கும். குழந்தை தூங்கிட்டே போலாமுங்க. ஜீப்பு அப்படியில்லீங்க. பட்டை ஸ்பிரிங்கு, எப்பவும் ஒரே முறைப்புத்தான். ஆனா மூட்டை எத்தனை வேணா ஏத்தலாம்.”

“காரு ரிப்பேரானா?”

“மெட்ராசுக்குத்தானுங்க போகணும்.”

மாதேஸ்வரன் இரண்டையும் மூன்று சுற்றுச் சுற்றினான். உட்கார்ந்தான், எழுந்தான். தோட்டத்து மிளகு மூட்டை காரில் ஏறாது. மிளகு மலையிறங்கி விலை போகாவிட்டால் வைத்தியம் ஏது? ஜீப்பை வாங்கினான். காலி வண்டியோடு மலையேறும்போது ஒவ்வொரு குழியும் அவன் முதுகிலேயே விழுந்தது.

“வாங்கியாச்சுல்ல. இன்னும் ஏன் ஊட்டுக்கும் வாசலுக்கும் அலையறீங்க?” என்றாள் மனைவி பாப்பாயி.

“புள்ளைய விட மூட்டை பெருசாப் போச்சு எனக்கு.”

ஆஸ்பத்திரி நாள் வந்தது. ஊரெல்லை தாண்டுவதற்குள் பாப்பாயி மடியிலிருந்த தேன்மொழி அலறினாள். மாதேஸ்வரன் வண்டியை நிறுத்தினான். வழியோரம் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த ராசு ஏணியை விட்டு இறங்கி வந்தார்.

“ஏன் மாப்ளே, வெத்து வண்டிய ஓட்டுனா துள்ளாம என்ன பண்ணும்? பட்டை வண்டி ஆளேறினாத்தான் அடங்கும்.” ஏறி உட்கார்ந்துகொண்டு மனைவியைக் கூப்பிட்டார். “ராமாயி, வா! நீ ஒருத்தி ஏறுனா நாலு மூட்டைக்குச் சமம்.”

“முதல்ல உங்க வாய மூட்டை கட்டுங்க,” என்றபடி ராமாயியும் ஏறினாள். பக்கத்துக் காட்டிலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்தார்கள்.

“எல்லாரும் எங்க போறீங்க?” என்றான் மாதேஸ்வரன்.

“காரவள்ளில வேலை இருக்குதுங்க.”

என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஜீப் தாழ்ந்து அமர்ந்தது. இருபதாவது வளைவில் தேன்மொழி அம்மா மடியில் தூங்கிப்போனாள்.

அடிவாரத்துக் காரவள்ளியில் ஏழு பேரும் இறங்கிக்கொண்டார்கள்; அதற்கப்புறம் நல்ல ரோடு. சாயங்காலம் திரும்பி வந்தபோது அதே இடத்தில் வெறுங்கையோடு காத்திருந்தார்கள். ஒரு நாள் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று மாதேஸ்வரனுக்கு அப்போதுதான் உறைத்தது. மலைச்சாமி அறப்பளீஸ்வரர் யாரை எந்த வரப்பில் நமக்காக நிறுத்தி வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த தடவையும் அந்த ஏழு பேருக்குக் காரவள்ளியில் வேலை இருந்தது.

ஐப்பசி மழையில் ராமாயி வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் போட்டும் வலி நிற்கவில்லை; மறுநாள் காலை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. ராசு வீட்டிலிருந்து தார் ரோடு வரைக்கும் மண்பாதை. மழை அதை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துப் போட்டிருந்தது. எத்தனை பேர் ஏறினாலும் அந்தக் குழிகளில் ஒடிந்த கால் தாங்காது.

அன்று சோளக்காட்டுச் சந்தை. ஊரே போயிருந்தது; ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் புரட்ட ராசுவும். ராமாயி கதவடைத்துப் படுத்திருந்தாள். மாதேஸ்வரன் மம்பட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனான். சரளையைச் சுமந்து வந்து ஒவ்வொரு குழியாகக் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினான். உள்ளங்கை கொப்பளித்தது. கடைசிக் குழியை நிரவும்போது சந்தையிலிருந்து திரும்பும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி நடந்தான்.