உதட்டில் விரல்

என் கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். தும்மல் வந்தால்கூடப் பக்கத்து அறைக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பெரும்பாலும் நான்தான் முடித்து வைப்பேன், அவ்வளவு நிதானம். அப்படிப்பட்டவர் கையில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று சிக்கியது. வந்தது வினை.

பச்சைக் குழந்தைக்குத் தினமும் ஒரே ஒழுங்கு வேண்டுமாம். பொழுது சாய்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், பிறகு பால், மங்கலான வெளிச்சம், கடைசியில் அமைதி. அந்த அமைதிதான் என் உயிரை வாங்கியது. கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கினார். சாயங்காலமானால் மிக்ஸியைத் தொடக்கூடாது. நான் வாயைத் திறந்தால் போதும், அவர் விரல் உதட்டுக்குப் போய்விடும்.

மகள் சமர்த்தாகக் குளிப்பாள், குடிப்பாள். வீடு அமைதியானதும் வீறிட ஆரம்பிப்பாள். மாறி மாறித் தோளில் போட்டு நடப்போம். தூக்கமில்லாமல் நான் டீயில் உப்பைப் போட்டேன்; அவர் அதையும் சத்தமில்லாமல் குடித்தார். எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

என் விடுப்பு வேறு முடியப் போகிறது. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் நான் மேற்பார்வையாளர், மாலை ஷிப்ட். அந்த நேரத்தில் இவர்தான் தனியாகக் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும். இவரால் முடியாது, வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது என்று நாத்தனார் தீர்ப்பே சொல்லிவிட்டாள். விடுவதாவது. எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

ஒரு மாலை, மகள் அவர் தோளில் கத்திக்கொண்டிருக்க, நான் நடப்பது சத்தமாக இருக்கிறது என்று சைகை காட்டினார். மெத்தையில் அவர் போட்ட ஈரத் துண்டு கிடந்தது.

"நான் என்ன பூனையா, சத்தமில்லாம நடக்க? ஈரத் துண்டை மெத்தையில போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நீங்களும் உங்க புத்தகமும்."

அதோடு நிற்கவில்லை. இயந்திர இரைச்சலுக்கு மேல் ஆட்களை விரட்டும் குரலில், எங்கள் கல்யாணத்துக்கே அவர் தாமதமாக வந்ததுவரை இழுத்துத் திட்டினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் யாரும் அழவில்லை என்பது உறைத்தது. மகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருந்தாள்.

பாவம், வயிற்றுக்குள் இருந்தபோது அவள் கேட்டதெல்லாம் இதைத்தானே. நிறைமாதம்வரை அந்தக் கூடத்தில் நின்று கத்தியிருக்கிறேன். புத்தகம் எழுதியவருக்கு இது எங்கே தெரியும்?

அன்றிலிருந்து குளியல், பால், மங்கலான வெளிச்சம், திட்டு என்று ஒழுங்கு ஏற்பட்டது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்பதுபோல் என்னைப் பார்ப்பார். திட்ட விஷயமில்லாத நாளில் ஈரத் துண்டைக் கொண்டுவந்து மெத்தையில் போட்டுவிட்டு உட்காருவார். இந்த மனிதரை என்ன செய்வது?

ஆனால் நான் இல்லாதபோது யார் திட்டுவது? போனில் என் குரலைப் பதிவு செய்து போட்டதற்கு மகள் மசியவில்லை. அவருக்கே பழக்கிப் பார்த்தேன். 'அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்துட்டா நல்லாயிருக்கும்' என்பதற்கு மேல் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், இடைவேளையில் போன் போட்டேன். மகளின் வீறல்தான் முதலில் கேட்டது. என்ன செய்யலாம் என்று நான் தொடங்குவதற்குள் அவர் தொண்டையைச் செருமினார்.

"இத்தனை வருஷத்துல நான் பேசினதை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டிருக்கியா? நான் வாயைத் திறந்தா நீ முடிச்சிடற. எனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லிடற. அது நான் சொல்ல வந்ததே இல்ல."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இயந்திரச் சத்தம் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று துணிக் கிடங்குக்குள் ஓடினேன். அவர் பேசப் பேச, பின்னால் வீறல் சிணுங்கலாகி நின்றது.

"தூங்கிட்டாளா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்பவே தூங்கிட்டா. குறுக்க பேசாத, நான் இன்னும் முடிக்கல."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. நான் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். விரல் தானாக உதட்டுக்குப் போயிருந்தது.