பூங்கனிக்குப் பக்கத்து இடம்

...கால் தானாகப் போய் இடிக்கவில்லை, ரசலையன்தான் மேலே பார்த்து நடந்தார், கல்லறைத் தோட்டத்தில் மேலே பார்க்க என்ன இருக்கிறது, ஒரு கொல்லாமரம், முந்திரிதான், அதில் பழம் உண்டா என்று பார்த்ததில் பெருவிரல் தரையில் அடித்திருந்த மரக்குற்றியில் மோதி, குற்றி சிவப்புக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு வர, அவர் பூங்கனியின் கல்லறைமேல் குப்புற... நல்லவேளை, சொந்தப் பெண்டாட்டி, அடுத்தவன் பெண்டாட்டி மேல் விழுந்திருந்தால் சபை என்ன சொல்லும். எழுந்து வேட்டியைத் தட்டி, குற்றியைக் கையில் எடுத்தார். இந்தக் குற்றி யாருடையது, நேற்றுக் காலைகூட இல்லையே?

டாக்டர் நடக்கச் சொன்னது பூங்காவில். அங்கே ரிட்டயர் ஆனவர்களெல்லாம் லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் மாதிரி எட்டுப் போடுகிறார்கள், பார்க்கிறவனெல்லாம் சுகர் எவ்வளவு என்று கேட்கிறான், வயிற்றில் கட்டி உள்ளவனுக்குச் சுகர் ஒரு கேடா. "சின்னதுதான்ப்பா" என்றான் மகன் எபிசன், ஸ்கேன் கவரைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு. சின்னதுக்கா குவைத்திலிருந்து லீவு போட்டு ஓடிவந்தாய்? டாக்டரைக் கேட்டால் நல்லா நடங்க, போதகரைக் கேட்டால் ஜெபிப்போம். முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டர், கோணலைக் கோணல் என்று முகத்துக்கு நேரே சொன்னவனுக்கு, ஒருத்தராவது நேர்கோடாய் ஒரு பதில்... போங்கடா, இங்கேதான் நடப்பேன். இங்கே மழுப்பல் கிடையாது, இருபத்து மூன்று வயதில் கப்பலேறி வந்த மிஷன் துரைசானி, இருபத்து நாலில் காய்ச்சல், கல்லில் அப்படியே வெட்டி வைத்திருக்கிறான், நூற்றைம்பது வருஷமாய் ஒரு எழுத்து மாறவில்லை.

ஆனால் இந்தக் குற்றி. பூங்கனிக்கு இடதுபக்கம் அவருடைய இடம், கட்டிலிலும் அப்படித்தான், அவள் குறட்டை அவருடைய வலது காதுக்குத்தான் பழக்கம். கமிட்டிக்காரன் எவனோ மாமனாருக்கு வளைத்துப் போடுகிறான். நான் உசிரோட இருக்கிற வரைக்கும் இஞ்ச ஒருத்தனும் படுக்க முடியாது, என்று சத்தமாகவே சொல்லிவிட்டார், சொன்ன பிறகுதான் அந்த ஒருத்தனில் தானும் சேர்த்தி என்று தோன்றியது. எல்லாருக்கும் இப்போது இடப்பைத்தியம். எபிசனே நேற்று இருட்டுகிற நேரம் காலில் செம்மண்ணோடு வந்தான், எங்கே போனாய், இடம் பாக்கப்பா. எத்தனை சென்டு மக்கா? சின்னதுதான்ப்பா. ரோட்டுப் பக்கமா, கிணறு உண்டுமா என்று இவர் விடவில்லை, அவன் குளிமுறிக்குள் போய்க் கதவடைத்து, குழாயைத் திறந்துவிட்டு, வெகு நேரம்...

கிழக்கு மதிலோரம் கிருஷ்ணமணி புல் வெட்டிக்கொண்டிருந்தான், குழி வெட்டுகிறவனும் அவனே.

"இத யாரு மக்கா அடிச்சது?"

"விடுங்க சாரே, அத இஞ்ச தாங்க. வெயிலு ஏறுது."

"வெயிலயா கேட்டேன்? எனக்க எடம் இது. கமிட்டில எழுதிக் குடுத்து நாறடிச்சிருவேன். குற்றியத் தரமாட்டேன், ஆளு யாருன்னு சொல்லு."

கிருஷ்ணமணி அரிவாளைப் புல்லில் துடைத்தான், இன்னொரு பக்கமும் துடைத்தான்.

"ஒளிச்சு என்ன ஆகப்போவுது சாரே. ஒங்களுக்க மவனாக்கும். நேத்து சாயங்காலம் வந்து, அம்மைக்குப் பக்கத்துல அப்பாக்குன்னு அளந்து அடிச்சிட்டுப் போனாரு. கிறிஸ்மஸ் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லியாச்சாம்."

குற்றியை அவர் கொடுக்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் நேற்று அந்தக் குழாய், அவ்வளவு நேரம்...