இரவல் போன கற்பூரம்

சார்டின் டப்பாவுக்கும் சங்கத்துப் புத்தகத்துக்கும் வித்தியாசம் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே, ஸ்கந்தராஜா ஒவ்வொரு ஒட்டுத்தாளின் அடியிலும் இருந்த எண்களைக் கத்தரியால் நறுக்கி எறிந்தார். பார்கோடு என்றால் கறுப்புக் கோடுகள். கோடுகள் இருந்தால் போதாதா, எண்கள் எதற்கு? எண்கள் இருந்தால் மளிகைக்கடை மாதிரி இருக்கும். மளிகைக்கடை மாதிரி இருந்தால் கீழ்க்கடைச் சன்னாசி மாதிரி இருக்கும். சன்னாசி மாதிரி எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தானே அவர் இத்தனை நாளாகத் தூக்கம் கெட்டு உழைக்கிறார்.

ஸ்கந்தராஜா குனோங் ராபாட் தமிழர் நல்வாழ்வுச் சங்கத்தின் தலைவர். அரசாங்க இலாகா ஒன்றில் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். மேசை போனது, சிப்பந்தி போனான், கார் நிறுத்தப் பெயர் எழுதிய இடமும் போனது. மிஞ்சியது சங்கத்தின் தலைவர் நாற்காலி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவர் கழுத்தில் மாலை விழ ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் பாக்கி இருக்கும். அந்த மாலையை அவரால் பார்க்க முடியாது.

அந்த நாற்காலிக்குத்தான் இந்த வருடம் சன்னாசி போட்டியிட்டான். சங்கம் இருக்கும் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் மினி மார்க்கெட் வைத்திருப்பவன். சன்னாசியும் ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை. அவன் கடையில் அலமாரியில் ஒட்டிய விலையும் மெஷின் சொல்லும் விலையும் மாமியார் மருமகள் மாதிரி; ஒன்று சொன்னதை மற்றது ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. சமூகத் தொண்டு என்று அவன் சொன்னபோது அவன் கண் மட்டும் மாடி அறையை நீளம் அகலம் அளந்துகொண்டிருந்தது. தீபாவளிச் சரக்கு இறக்கி வைக்க அவனுக்கு இடம் போதவில்லை.

மாடி அறையில் இருந்தது நூலகம். கோலா கங்சார் பக்கத்துச் சிங்கோரா தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, அப்புறம் செம்பனையையும் பிடுங்கி வீடு கட்டியபோது, ஆட்களோடு ஆட்களாக லாரி ஏறி வந்த புத்தகங்கள் அவை. ஸ்கந்தராஜாவின் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி. விடியலில் பெரட்டுக்களத்தில் நின்று பால்மரம் வெட்டும் சனங்களைப் பெயர் சொல்லி எண்ணியவர். மகனுக்கு எண்ண ஆட்கள் கிடைக்கவில்லை. புத்தகங்கள் கிடைத்தன.

“மின்னியல் நூலகம்” என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. விஜயதசமி அந்த வருடம் வார இறுதியில் வந்தது வசதியாகப் போயிற்று. முதல் நாள் மாலை சரஸ்வதி பூஜை. மறுநாள் காலை சட்டமன்ற உறுப்பினர், ஊரார் சொல்கிறபடி ஒய்.பி., வந்து பார்கோடு வைத்து முதல் புத்தகத்தை இரவல் எடுப்பார். அவர் கார் ஏறிய கையோடு ஆண்டுக்கூட்டம், தேர்தல். லட்டின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே ஓட்டு வாங்கிவிட வேண்டும். சூடு ஆறினால் சரக்கு விலை இறங்கும் என்பது வியாபாரிக்கு மட்டும் தெரிந்த இரகசியமா என்ன?

நூலகத்துக்கு உறுப்பினர்கள் ஏராளம் என்று ஒய்.பி.யிடம் காட்ட வேண்டுமே. அதற்காக, அதுவரை சங்கத்தில் பாயசம் கிண்ட மட்டுமே அழைக்கப்பட்ட மகளிர் பகுதிப் பெண்கள் அத்தனை பேருக்கும் பார்கோடு போட்ட சங்க உறுப்பினர் அட்டை கொடுத்தார் ஸ்கந்தராஜா. தம் மனைவி சாரதாதேவிக்கும் ஒன்று.

கணினியை வாங்கிய கதை தனி. சன்னாசியிடம் யோசனை கேட்பதற்குப் பதில் பீடோர் வரைக்கும் காரோட்டிப் போய், மூடிவிட்ட ஒரு மினி மார்க்கெட்டின் மெஷினை, பார்கோடு படிக்கும் சுட்டுக்குழலோடு, உள்ளே இருந்த சரக்குப் பட்டியலோடு, அப்படியே தூக்கி வந்தார். வெங்காயம், நெத்திலி, சாம்பிராணிக்குப் பின்னால் புத்தகங்களை வரிசையாக ஏற்றினார். திரையில் ‘விற்பனை’ என்று வந்த இடத்தில் ‘இரவல்’ என்று மாற்றினார். கோடுகளை வீட்டு மைப் பிரிண்டரில் தாமே அச்சடித்தார். ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தார். ‘டீட்’ என்றது. அவர் முகத்தில் தலைப்பிள்ளை அழுகுரல் கேட்ட அப்பனின் பூரிப்பு.

சன்னாசி மாடி ஏறி வந்தது அப்போதுதான். தரையில் சிதறிக் கிடந்த எண்களைப் பார்த்தான்.

“அலாமா! எண்ண ஏண்ணே வெட்டுறீங்க? மெஷின் படிக்கலன்னா கையால அடிக்கறதுக்குத்தான் அது கீழ இருக்கு. என் கடையில கருவாட்டுப் பாக்கெட்டு கசங்கிப் போனா அப்பிடித்தான் அடிக்கிறோம்.”

“சன்னாசி, இது கருவாடு இல்லை. இலக்கியம்.”

“சரிண்ணே. ரொம்ப நாளு யாரும் எடுக்காம கெடந்தா ரெண்டும் ஒரே வாசனதான்லா.”

ஸ்கந்தராஜா கத்தரியைக் கொஞ்சம் சத்தமாகவே ‘கரக்’ என்று மூடினார்.

சரஸ்வதி பூஜை மாலை. புத்தகங்களை மேசை மேசையாக அடுக்கி, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாகப் பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். தலைவர் நடுவில் நின்று உத்தரவு போட்டார்.

“ஒரு புத்தகம் விடாமப் பொட்டு வைக்கவேணும். நல்லாத் தடிப்பா வையுங்கோ. நாளைக்குப் படம் எடுக்கேக்க பளிச்செண்டு விழவேணும்.”

மகளிர் பகுதித் தலைவி புஷ்பலதாதான் முதலில் மாட்டிக்கொண்டாள். “அக்கா, பிளாஸ்டிக் அட்டை போட்டுட்டாங்களா, சந்தனம் நிக்கவே மாட்டேங்குது. வழுக்கிட்டுப் போவுதுலா.”

சாரதாதேவி ஒரு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். முகப்பின் மூலையில் வெள்ளைக் காகிதம். அதில் என்னவோ கோடுகள். விரலால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். தாள் சந்தனத்தைக் குடித்துக்கொண்டு கப்பென்று பிடித்தது. இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது என்று கணவரிடம் போனாள்.

“இஞ்சருங்கோ, இந்த வெள்ளைத் தாளில வைக்கட்டோ? வேற இடத்தில ஒட்டுதில்லை.”

கைத்தொலைபேசியைக் காதில் வைத்திருந்த ஸ்கந்தராஜா, ஈ ஓட்டுகிற மாதிரி கையை வீசினார். “ஓம், ஓம், எங்கயாவது வையும். நான் முக்கியமான ஆளோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், தெரியேல்லையோ?”

மறுமுனையில் இருந்த முக்கியமான ஆள் ஒய்.பி.யின் காரோட்டி. மழை பெய்தால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பெண்கள் ஒரு புத்தகம் விடவில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது முறை, யாரும் தொடவில்லை. இரவு முழுக்கச் சந்தனம் காய்ந்து கோடுகளின் மேல் ஓடு கட்டிக்கொண்டது. காலையில் புஷ்பலதா சுட்டுக்குழலுக்கும் முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். அதுவும் ஆயுதம்தானே.

ஒய்.பி. வழக்கம்போல் தாமதமாக வந்து, வழக்கம்போல் அவசரமாக இருந்தார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது. ஸ்கந்தராஜா பேசினார், கல்வெட்டிலிருந்து தொடங்கி ஓலைச்சுவடி வழியாகப் பார்கோடுக்கு வந்து சேர்வதற்குள் ஒய்.பி. இரண்டு முறை கடிகாரம் பார்த்துவிட்டார். கணினித் திரை சுவரில் பெரிதாகத் தெரிய ஏற்பாடாகியிருந்தது. ஒய்.பி.யின் பெயர் அதில் முதல் இரவலாளராக மின்னியது.

“நூலகத் துறையில் ஒரு புதிய விடியல்!” என்று முழங்கி, ஸ்கந்தராஜா சுட்டுக்குழலைப் புத்தகத்தின் மேல் பிடித்து அமுக்கினார்.

சிவப்பு வெளிச்சம் விழுந்தது. சத்தம் இல்லை.

கிட்ட வைத்தார். எட்ட வைத்தார். சாய்த்தார். நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி மூச்சடக்கிக் காத்திருந்தார். அடுத்த புத்தகம், அதற்கடுத்தது. எல்லாம் மங்களகரமாக, மஞ்சளும் சிவப்புமாக, ஊமையாக இருந்தன.

“கோடு கறுப்பாத் தெரியணும்ணே,” என்று பின் வரிசையிலிருந்து சன்னாசியின் குரல் வந்தது. “சந்தனத்த அப்பிட்டா அது எங்க படிக்கும்?”

ஸ்கந்தராஜா கைக்குட்டையைப் போத்தல் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். சந்தனம் போயிற்று. கூடவே வீட்டுப் பிரிண்டரின் மையும் கரைந்து, கோடுகள் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு மழைக்காலத்துக் கிந்தா ஆறு மாதிரி ஓடின.

“சரி விடுங்கண்ணே, அடியில இருக்கற எண்ண அடிங்க!” என்றான் சன்னாசி. எண் எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்து கேட்பதற்குப் பெயர்தான் வியாபாரம். பின் வரிசை சிரித்தது. சிரிப்பு வரிசை தாண்டி முன்னே வந்தது. “தோட்டத்துல நமக்குப் பெரட்டு எடுத்தாரு இவரு அப்பா. ஆளாவது வாயத் தொறந்து பேரு சொல்லுவோம். புத்தகம் என்ன செய்யும், பாவம்!” என்று யாரோ சொல்ல, கூடம் அதிர்ந்தது.

ஸ்கந்தராஜாவுக்கு நெற்றியில் வியர்வை கொட்டியது. கையில் இருந்த கைக்குட்டையாலேயே துடைத்துக்கொண்டார். படபடப்பில் குழலை அங்கும் இங்கும் ஆட்டினார். பக்கத்தில் ஆரத்தித் தட்டு இருந்தது.

‘டீட்!’

“ஆ!” என்று கத்திவிட்டார் ஸ்கந்தராஜா. முன் வரிசை கை தட்டியது. சங்கச் செயலாளர் ராமையா எழுந்து நின்று தட்டினார். பிறகு எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஒய்.பி.யின் பெயருக்கு நேரே எழுத்துகள் கொட்டை கொட்டையாக நின்றன:

இரவல்: கற்பூரம், பெரிய டப்பா. பதினான்கு நாளில் திருப்பித் தரவும்.

பீடோர் கடையின் பட்டியல் விசுவாசமாக வேலை செய்திருந்தது. ஒய்.பி. பழுத்த அரசியல்வாதி. கொடுப்பது எதுவானாலும் வாங்கிக்கொள்வது அவருக்குப் பழக்கம். தட்டில் இருந்த கற்பூர டப்பாவை எடுத்துக் கும்பிட்டு, “ரொம்ப நன்றிங்க தலைவரே, கொளுத்தாம திருப்பிக் குடுத்துடறேன்,” என்று சொல்லி, படத்துக்கு ஒரு சிரிப்புச் சிரித்து, காரில் ஏறிவிட்டார்.

அப்போதாவது ஸ்கந்தராஜா வாயை மூடிக்கொண்டு லட்டுத் தட்டை நீட்டியிருந்தால், ஜனம் சிரித்துத் தின்றுவிட்டு அவருக்கே கை தூக்கியிருக்கும். சிரித்த வாய்க்குக் கோபம் வராது. ஆனால் ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“எந்தப் படிக்காத சனம் செய்த வேலை இது? தோட்டத்தை விட்டு வந்து இவ்வளவு காலமாச்சு, தோட்டத்துப் புத்தி மட்டும் போகேல்லையே!”

புஷ்பலதா எழுந்தாள். “ஐயா, நீங்க சொல்லித்தானே வச்சோம்.”

“நான் பொட்டு வைக்கச் சொன்னனான். கண்ணைக் குத்தச் சொல்லேல்லை! மூளை எண்டு ஒண்டு இருந்தா அந்த இடத்தில முதல் பொட்டு வச்சிருப்பாளோ ஒருத்தி?”

முதல் பொட்டு வைத்தவள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாரதாதேவி தன் வலது கை மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு கழுவியும் மஞ்சள் போகவில்லை. முக்கியமான ஆள் கதைக்கும்போது குறுக்கே பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

அரைமணி நேரத்தில் ஆண்டுக்கூட்டம் தொடங்கியது. ராமையா தலைவர் தேர்தலை அறிவித்தார். பெண்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதை ஸ்கந்தராஜா அப்போதுதான் கவனித்தார்.

“மகளிர் பகுதிக்கு இதில வேலை இல்லை. ஓட்டு உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.”

“உறுப்பினர்தாங்கய்யா,” என்று புஷ்பலதா அட்டையைத் தூக்கிக் காட்டினாள். “நீங்க குடுத்த அட்டை. கோடுகூட அழியல பாருங்க.”

“அட்டை இருந்தா ஓட்டு இருக்குலா,” என்றான் சன்னாசி. “சட்டத்த எழுதினதே அண்ணன்தான்.”

அது உண்மை. ராமையா தலையை ஆட்டினார்.

ஸ்கந்தராஜாவுக்குக் கை தூக்கச் சொன்னபோது பழைய விசுவாசிகள் தூக்கினார்கள். தோற்கிற அளவுக்குக் குறைவில்லை என்று அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு சன்னாசிக்கு. பின் வரிசைக் கைகள் எழுந்தன. அப்புறம் நடு வரிசை. வளையல்கள் சலசலக்கப் பெண்களின் கைகள் எழுந்தன, அத்தனை விரல் நுனியிலும் சந்தன மஞ்சள். எண்ணுவதற்கு இவ்வளவு வசதியான கைகளை ராமையா தம் ஆயுளில் பார்த்ததில்லை.

முன் வரிசையில் மஞ்சள் படிந்த ஒரு கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பிறகு அதுவும் எழுந்தது. அந்தக் கையில் இருந்த காப்பை ஸ்கந்தராஜா ஓய்வுபெற்ற வருடம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

சன்னாசி ஜெயித்தான். வித்தியாசம் ஒரு கைதான் என்று ராமையா மெதுவாகச் சொன்னார். புதிய தலைவர் ஏற்புரையில் சமூகத் தொண்டைப் பற்றி இரண்டு வரி பேசினார். மூன்றாவது வரியில், மாடியின் பின்பக்கச் சுவரோரம் ‘தற்காலிகமாக’ முறுக்கு டின்கள் வைப்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

ஸ்கந்தராஜா சாரதாதேவியோடு காரில் வீட்டுக்குக் கிளம்பினார். சுண்ணாம்பு மலையோரம் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பக்கத்தில் வந்து நின்ற மோட்டார் சைக்கிள்காரன் அவரைப் பார்த்தான், சிரிப்பை அடக்கினான், பின்னால் இருந்தவளின் முழங்காலைத் தட்டிக் காட்டினான். அவனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டதா?

“நீரும் எனக்கு எதிராத்தான் கை தூக்கினீர், என்ன?”

“ஓம்.”

“ஏன் எண்டு கேக்கலாமோ?”

“வீட்ட போய்க் கதைப்பம். முதல்ல கண்ணாடியைப் பாருங்கோ.”

கண்ணாடியைத் தம் பக்கம் திருப்பினார் ஸ்கந்தராஜா. கைக்குட்டை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. நெற்றி முழுக்கச் சந்தனம் திட்டுத் திட்டாக. அதன் மேல் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள், தடித்ததும் மெலிந்ததுமாக. அடியில் எண் மட்டும் இல்லை.