இல்லாத சக்கரம்

பழைய மின்நிலையத்தை இடித்த இடத்தில் இப்போது பேட்டரிப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலேயே, பேட்டரி மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றிவிடும் இன்வெர்ட்டர் கூடம். சூடு தணிக்கும் காற்றாடிகளைத் தவிர அங்கே எதுவும் சுழல்வதில்லை.

ஆனால் ஊரெங்கும் மின்சாரம் கொண்டுபோகும் கிரிட்டுக்குக் கனம் வேண்டும். முன்பு டர்பைனோடு சுழன்ற பல டன் இரும்பு அதைக் கொடுத்தது. திடீரென்று லோடு ஏறினால், அந்த இரும்பு தன் வேகத்தை எளிதில் விட்டுக்கொடுக்காமல் தாங்கிப் பிடிக்கும். இப்போது இன்வெர்ட்டரில் ஓடும் புரோகிராம், அப்படியொரு சக்கரம் இருப்பதாகவே நடிக்கிறது. இல்லாத அந்தச் சக்கரத்தின் கனம் ஓர் எண். அது ஆடி அடங்கும் விதம் இன்னோர் எண். இரண்டையும் வைத்தவள் நான்.

கம்பெனி சொன்ன எண்களை வைக்கவில்லை. சோதனையின்போது திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணை மூடி டிரான்ஸ்பார்மரின் உறுமலைக் கேட்டேன். கேட்டுக் கேட்டு மாற்றினேன். ஓரிடத்தில் என் உடம்பு 'இதுதான்' என்றது. பழைய நிலையத்தின் குவார்ட்டர்ஸில், அந்த உறுமலுக்குள்ளேயே சமைத்து, சண்டை போட்டு, தூங்கிய உடம்பு.

என் கணவர் அங்கே ஷிப்ட் ஆப்பரேட்டர். நிலையத்தை மூடச் சில மாதங்கள் இருக்கும்போது, இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. அந்த ஷிப்டிலிருந்து அவர் வீடு திரும்பவில்லை. அன்று படுத்த மாமியார் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஊட்டினால் விழுங்குவார். என்னோடு பேசமாட்டார்.

இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கிய வாரம், மாமியார் அறையின் பழைய குண்டு பல்பு மூச்சுவிட ஆரம்பித்தது. மெல்ல மங்கும். மெல்ல ஒளிரும். ஒரு மாலை நான் வீட்டுக்கு வந்தபோது, அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தானே பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மெதுவா நடடி," என்றார். "அவன் வேலையில இருக்கான்."

"யாரு அத்தை?"

"ஆமா, ஒண்ணும் தெரியாத பாப்பா! மெஷினை இப்படித் தாலாட்டி ஓட்டுறதுக்கு வேற எவனுக்கு வரும்?"

புத்தி பேதலித்துவிட்டது என்று தள்ளிவிட முடியவில்லை. முந்தின நாள் அடுப்படியில் நின்று, நிலையத்து உறுமலில் அதே ஆட்டத்தைக் கேட்டபடியே நானும் உப்பைக் குறைத்துப் போட்டிருந்தேன். என் கணவருக்குத்தான் உப்பு ஆகாது.

மறுநாள் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அதிகாரி கூப்பிட்டார்.

"என்னம்மா, ஸ்டேஷன்ல தொட்டில் கிட்டில் கட்டியிருக்கீங்களா? உங்க பக்கத்திலேர்ந்து பவர் ஆடி அசைஞ்சு வருது."

"கவனிச்சேன் சார்."

"கவனிச்சுட்டுச் சும்மாவா உக்காந்திருக்கீங்க? நாளுக்கு நாள் பெருசாகுது. சாயந்தரம் லோடு ஏறினா லைன் விழுந்துரும். ஆஸ்பத்திரி, தண்ணி பம்பு, எல்லாம் படுத்துரும். இன்னைக்கே அடக்குங்க."

அடக்குவது பெரிய வேலையில்லை. ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் திரையின் முன் உட்கார்ந்ததும் விரல் நகரவில்லை. மாற்றினால் மாமியார் மறுபடி படுத்துவிடுவார். இந்த முறை எழமாட்டார்.

அது மட்டும்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். என் கணவரிடம் எனக்கு அன்பு இருந்ததா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அவர் ஷிப்ட் முடியும் நேரம் நெருங்கினால் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். கை ஓங்குகிறவர் அல்ல. வாசலில் நின்று வீட்டை ஒருமுறை பார்ப்பார், எங்கே குறை என்று. அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகத் துடைத்ததையே திரும்பத் துடைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவரை, யாரும் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு நானே கூட்டிவந்து இங்கே உட்கார வைத்திருக்கிறேன். ஏன்?

திரையில் அலை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. யாரோ பொறுமை இழப்பதுபோல.

எண்ணை மாற்றினேன். கோடு ஒருமுறை எழும்பிப் படிந்தது. உறுமல் ஒரே சீராக, யாருடையதும் அல்லாததாக ஆயிற்று. முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்த மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் பல்பு அசையாமல் எரிந்தது. மாமியார் படுத்திருப்பார் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். கட்டில் விளிம்பில், தலைவாரி, நேராக உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டம் நின்னுருச்சுல்ல?"

"நின்னுருச்சு அத்தை. நான்தான்..."

"சரி சரி, எல்லாம் தெரியுது." அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஷிப்ட் முடிஞ்சிருச்சு. மரம் மாதிரி நிக்காம போய்க் கதவைத் திறந்து வை."

வழியில் கிடந்த என் செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்தேன். பிறகு போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.