இஞ்ச ஒராள் நிக்கிறான்

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிய நேரம் முதல் கத்தரீனாவை ஒருவரும் சும்மா இருக்க விடவில்லை. மடியில் அவள் கட்டிப்பிடித்திருந்த பெட்டியைப் பார்த்து, "ரிவியோ அக்கா?" என்று கேட்டார்கள். பண்ணைப் பாலம் கடக்கும்வரை, "இல்லை, மொனிற்றர்" என்று சொல்லிப் பார்த்தாள். மண்கும்பானில் ஏறியவரும் அதையே கேட்க, "ஓம், ரிவிதான்" என்று சொல்லி விட்டாள். நாற்பத்தெட்டு வயதில், துவக்குச் சூட்டு விளையாட்டுக்காக லப்ரொப்பில் கொழுவப் பெரிய திரை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று நாரந்தனைச் சனத்துக்கு நடுவில் சொல்ல அவளுக்கு என்ன விசரா?

எல்லாம் மகனால் வந்த வினை. ஒரே மகன் அனுசன் பிரான்சுக்குப் போய் நாலு வருசம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. தொலைபேசியில் அவனிடமிருந்து ஒரு வசனம் பிடுங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். "சாப்பிட்டனியோ?" "ஓம்." "குளிரோ?" "ம்." "பிறகு எடுக்கிறன் அம்மா." அவ்வளவுதான். ஆனால் ஒருநாள் அவன் தொலைபேசியை வைக்க மறந்துபோய்க் கூட்டாளிகளோடு விளையாடத் தொடங்கியபோதுதான் கத்தரீனாவுக்குச் சங்கதி விளங்கியது. கையில் விளையாட்டுத் துவக்கு இருந்தால் பெடியன் வாய் ஓயாமல் கதைக்கிறான், சிரிக்கிறான், பாட்டும் படிக்கிறான்.

அடுத்த கிழமையே, "எனக்கும் அதிலை ஒரு இடம் தா" என்று கேட்டுவிட்டாள். நாலு பேர் ஒரு குழு. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கடைசிவரை உயிரோடு நிற்கும் குழு வெல்லும். திங்கட்கிழமைகளில் விளையாடும் அனுசனோடும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளோடும் நாலாவதாகக் கத்தரீனா சேர்ந்தாள். சின்ன வயதில் உண்மை வெடிக்குப் பயந்து இதே ஊரை விட்டு ஓடியவள், மகனுடைய குரலுக்காகப் பொய் வெடிக்குள் தானாகப் போய் விழுந்தாள். தாய்மாரின் புத்தியை என்னவென்று சொல்ல!

அவன் அனுப்பிய பழைய லப்ரொப்பின் திரை சின்னது. அதில் மனிதர்கள் எறும்பளவு. கண்ணாடி மாற்றியும் பிரயோசனமில்லை. சுடுகிறவன் யார், சுடுபடுகிறவன் யார் என்று தெரியாமல் கத்தரீனா மரங்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

போன திங்கள் அனுசன் சொன்னான்: "அம்மா, உங்களுக்குக் கண் ஏலாது. விடுங்கோவன். நாங்களும் இனிப் பெரிய போட்டியளுக்குப் போக யோசிக்கிறம்." பதமாகத்தான் சொன்னான். அந்தப் பதம்தான் அவளைச் சுட்டது. "வாற திங்கள் ஒருக்காப் பாப்பம். சரிவராட்டி நானே விடுறன்" என்று தவணை வாங்கினாள். திங்கட்கிழமையும் போய்விட்டால் அவளுக்கு மிஞ்சுவது அந்த 'ஓம்' என்பதும் 'ம்' என்பதும் மட்டும்தான். அந்தக் கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள், ஒருநாள் போடவே மறந்தாள்.

இன்று அந்தத் திங்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கவே நேரம் நாலரையாகிவிட்டது. ஐந்துக்கு விளையாட்டு. மேசையில் மொனிற்றரை நிமிர்த்தி, வயரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை லப்ரொப்பிலும் செருகி, சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வந்து, அங்குமிங்கும் உலாவின.

"காசைக் கரியாக்கிப்போட்டீர்" என்றார் புருசன் கிறிஸ்தோப்பர். கடலுக்குப் போகாத நாளில் மனிசனுக்கு வாய்தான் தொழில்.

"கொஞ்சம் பேசாமல் இருக்கிறியளோ!"

வயரைக் கழற்றிச் செருகினாள். மாற்றிச் செருகினாள். கும்பிட்டும் செருகினாள். கடைசியில் விற்ற கடைக்காரன் றஜீபனுக்கு அழைப்பெடுத்தாள்.

"மொனிற்றருக்குக் கீழை பொத்தான் இருக்கும் அக்கா. அதை அமத்தினால் எந்த வயராலை படம் வருது எண்டு கேக்கும். நீங்கள் கொழுவின வயரின்ரை பேரைத் தெரிவு செய்யுங்கோ."

அமத்தினாள். திரை பளிச்சென்று விழித்தது. வந்தது விளையாட்டல்ல, லப்ரொப்பின் பின்னணியில் அவள் போட்டு வைத்திருந்த படம்: சின்ன வயதில் அனுசன் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளில் எடுத்தது. வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியுமாக அவன் மேசை நிறைய நின்றான். விளையாட்டு பழையபடி சின்னத் திரையிலேயே கிடந்தது. அம்புக்குறி பெரிய திரைக்குள் ஓடிப்போய்த் திரும்பி வர மறுத்தது.

"பெடியனை வடிவாய்த் தெரியுது. இது போதுமே" என்றார் கிறிஸ்தோப்பர், குரல் இறங்கி.

லப்ரொப்பில் அனுசனின் அழைப்பு வந்துகொண்டிருந்தது. கத்தரீனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பவும் றஜீபனைப் பிடித்தாள். "விண்டோஸ் கட்டையையும் பி எழுத்தையும் சேத்து அமத்துங்கோ அக்கா. நாலு வழி காட்டும். கடைசி வழியை எடுங்கோ, ரெண்டாவது திரை மட்டும் எண்டு இருக்கும்." எடுத்தாள். லப்ரொப் இருண்டது. விளையாட்டு முழுதாகப் பெரிய திரைக்குத் தாவியது.

"அம்மா, என்ன சுணக்கம்?" என்றான் அனுசன். மொனிற்றர் வாங்கியதைப் பற்றி அவள் மூச்சும் விடவில்லை. இன்றைக்குச் சுட்டுக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாள்.

குதித்தார்கள். அட, இந்தத் தீவில் இவ்வளவு இருக்கிறதா! புல் தெரிந்தது, யன்னல் தெரிந்தது, தூரத்து மலையில் வெயில்கூடத் தெரிந்தது. பக்கத்தில், தலைக்கு மேல் பச்சை எழுத்தில் பெயரோடு அனுசனின் வீரன் நின்றான். மற்ற இரண்டு பெடியளும் மலைக்கு ஓடினார்கள். வெடிச் சத்தம் கேட்டது.

"அனு, மேலை வாடா! ரெண்டு பேர் என்னண்டு சமாளிக்கிறது?"

"வாறன் மச்சான். இஞ்ச ஒராள் நிக்கிறான், அவனை முடிச்சிட்டு வாறன்."

இந்த வசனத்தை ஒவ்வொரு திங்களும் கேட்டிருக்கிறாள். மகன் எங்கோ முன்னால் நின்று சண்டை பிடிக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன் வீரனை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒருவருமே இல்லை. அவளும் அவனும் மட்டும்தான். அவள் ஓரடி வைத்தால் அவனும் ஓரடி வைத்தான். அவள் நின்றால், அவளுக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஒவ்வொரு முறையும் உனக்கு அங்கை ஆரோ நிக்கிறாங்கள்! இப்பிடியெண்டால் போட்டிக்கு வேற ஆளைத்தான் பாக்கவேணும்" என்று மலையிலிருந்து ஒருவன் கத்தினான்.

கத்தரீனாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோசமாகவும் இருந்தது. கள்ளப் பயல், அலுத்துப்போய் விடச் சொல்லவில்லை. அவனால் அவளை விட்டுப் போகவும் முடியவில்லை, அவளோடு நின்று வெல்லவும் முடியவில்லை.

அவள் தன் வீரனை மரத்தடியிலிருந்து கிளப்பி, வெட்டவெளிக்கு நேரே நடத்தினாள்.

"அம்மா, எங்கை போறியள்? திரும்புங்கோ! அம்மா!"

எங்கிருந்தோ சூடு விழுந்தது. அவளுடைய வீரன் முழங்காலில் சரிந்தான்.

"அசையாதேங்கோ, வந்து தூக்கிறன்."

"இஞ்சாலை வந்தியெண்டால் தெரியும்! மேலை ஓடு. உன்ரை கூட்டாளியள் தனிய நிக்கிறாங்கள்."

அடுத்த வெடியோடு திரை இருண்டது. முடிந்தது, இனி அனுசன் இணைப்பை வெட்டிவிடுவான் என்று கத்தரீனா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். அப்போது திரை மறுபடி வெளித்தது. மலைப்பாதை குலுங்கிக் குலுங்கி மேலே ஏறியது. இந்த விளையாட்டில் செத்தவர்கள், உயிரோடிருக்கும் கூட்டாளியின் கண்ணால் மிச்சத்தைப் பார்க்கலாம்.

"அம்மா, இருக்கிறியளோ?"

"இருக்கிறன். நீ ஓடுறது தெரியுது. பெரிய மொனிற்றர் ஒண்டு வாங்கினனான் அப்பு. எல்லாம் தெரிஞ்சது. அங்கை ஒருத்தனும் நிக்கேல்லை."

அனுசன் ஓடிக்கொண்டே இருந்தான்.

"கனநாளாய் ஒருத்தனும் நிக்கேல்லை அம்மா" என்றான்.

அந்த ஆட்டத்தில் அவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். பெடியள் கத்திய கத்தில் கிறிஸ்தோப்பரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "அடுத்ததுக்கும் வாறியளோ அம்மா?" என்று அனுசன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வராமல்? குதிச்ச கையோடை செத்துப்போறன். பிறகு ஆறுதலாய்க் கதைச்சுக்கொண்டிருப்பம்."

"செத்துப்போறன் எண்டெல்லாம் சொல்லாதேங்கோ" என்றான் அவன். பிறகு, ஒருவரும் கேளாமலே, போன மாதம் வேலையிடத்தில் கொதி எண்ணெய் பட்டுக் கை வெந்துபோன கதையைச் சொல்லத் தொடங்கினான்.