எண்ணாத மூச்சு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வார்டில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கறார். "கறார் வருது, சார்ட்டை எடுத்து வை" என்று சின்ன நர்ஸ்கள் கிசுகிசுப்பார்கள், என் காதில் விழாது என்ற நினைப்பில். நன்றாகவே விழும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையெல்லாம் அன்று மதியம் இரண்டரை மணி வரைதான்.

காய்ச்சல் பரவிக்கிடந்த நேரம். எங்கள் வார்டில் நிமோனியாவோடு பதினாறு பேர். பார்த்துக்கொள்ள வேண்டிய மூன்று நர்ஸ்களில் இருவர் அதே காய்ச்சலில் வீட்டில் சுருண்டுவிட்டார்கள். மிச்சம் நான் ஒருத்தி. ஊசி போடணும், ஆக்ஸிஜன் பார்க்கணும், நிமிர்த்தி உட்கார வைக்கணும், சளியைத் துப்ப வைக்கணும், இத்தனைக்கும் நடுவில் சார்ட்டும் எழுதணும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். நாடியையும் ஆக்ஸிஜனையும் விரலில் மாட்டுகிற கிளிப் சொல்லிவிடும். மூச்சை மட்டும் எங்கள் வார்டில் எந்தக் கருவியும் சொல்லாது. பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணணும்.

பதினாறு பேருக்குப் பதினாறு நிமிஷம். எங்கே போவது? அதனால்தான் எண்ணாத நர்ஸ்கள் எல்லோரும் ஒரே எண்ணைப் போடுவார்கள், இருபது என்று. கொஞ்சம் கூடுதல் மாதிரி இருக்கும், டாக்டர் பயப்படும்படியும் இருக்காது. போன மாதம் இதே காரியத்துக்காக ஒரு சின்னப் பெண்ணை நிற்க வைத்து அழ விட்டவள் நான். அன்று காலை எட்டு மணிக்குப் பதினாறு சார்ட்டிலும் நானே இருபது போட்டேன். பன்னிரண்டு மணிக்கும் அதையே போட்டேன்.

ஒன்பதாம் பெட்டில் ஒரு தையல்காரம்மா. முப்பத்தெட்டு வயது. புருஷன் பஸ் கண்டக்டர், ராத்திரி முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தவர். காலையில் நான் ஆக்ஸிஜன் மாஸ்கைச் சரிசெய்தபோது அந்தம்மா என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர்... தோள்ல... தையல்... விட்டிருக்கு" என்றார்.

"எந்திரிச்சு வந்து நீங்களே தச்சுக் குடுங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனேன். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மூச்சு இழுத்துப் பேசினால் என்ன அர்த்தம் என்று முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குக் கிண்டல்தான் காதில் விழுந்தது.

மதியம் இரண்டரைக்குக் கண்டக்டர் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சிஸ்டர், இப்பதான் அசந்து தூங்குறா. காலையிலேர்ந்து இளைச்சுக்கிட்டே கெடந்தா. இப்ப அந்த இளைப்பே இல்ல. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரட்டா?"

"காலையிலேர்ந்து இளைச்சாங்களா?"

"ஆமா சிஸ்டர்."

"டீ அப்புறம் குடிக்கலாம், வாங்க" என்று முன்னால் நடந்தேன்.

அந்தம்மாவைக் கூப்பிட்டேன். இமை பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. தோளை உலுக்கினேன். ம் என்றுகூடச் சத்தம் வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. நெஞ்சு மேலே ஏறும்போது வயிறு உள்ளே போனது. அன்றைக்கு முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று எண்ணினேன். ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பதினெட்டு வந்தது.

பதினெட்டு நல்ல எண்தான். சும்மா இருக்கும்போது உங்களுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். ஆனால் மணிக்கணக்காக மூச்சுக்குப் போராடியவருக்குத் திடீரென்று பதினெட்டு வந்து, கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை என்றால், அது குணமாகிற அறிகுறி இல்லை. உடம்பு இனி முடியாது என்று கையை விரித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பதினெட்டும் நின்றுபோகும். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தினேன், ஆக்ஸிஜனை முழுக்கத் திறந்தேன், சார்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போனுக்கு ஓடினேன். கண்டக்டரும் பின்னாலேயே வந்தார்.

டியூட்டி டாக்டர் கீழே எமர்ஜென்சியில் இருந்தார். "சிஸ்டர், ஐசியூல ஒரே ஒரு பெட்தான் இருக்கு. இங்க ஒருத்தருக்குக் கேட்டு வெச்சிருக்கேன். நம்பர் எல்லாம் சொல்லுங்க."

படித்துக் காட்டினேன்.

"எட்டு மணிக்கு இருபது, பன்னெண்டுக்கு இருபது, இப்ப பதினெட்டு. ஆக்ஸிஜன் தொண்ணூத்தொண்ணு. இதுல என்ன மாறியிருக்கு? அசந்து தூங்குறாங்களோ என்னவோ. இவரை முடிச்சிட்டு அரை மணி நேரத்துல வர்றேன்."

அந்தம்மாவிடம் அரை மணி நேரம் இல்லை. அந்த நொடியில் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். எழுதினது தப்பா விழுந்துடுச்சு டாக்டர், நாற்பது, என்று சொல்லலாம். பேனா சட்டைப்பையிலேயே இருக்கிறது, இரண்டை நான்காக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாய்வரை வந்துவிட்டது. இன்னொரு பொய்யை நம்பி இந்த அம்மாவை எப்படி விடுவது என்று அதை விழுங்கிவிட்டேன்.

"அந்த இருபது பொய் டாக்டர்" என்றேன்.

"என்னது?"

"நான் எண்ணல. ரெண்டு தடவையும் எண்ணாமத்தான் போட்டேன். காலையில எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு வாக்கியம் சேர்ந்தாப்ல பேச முடியல. இப்ப உலுக்கினாலும் முழிக்கல. தயவுசெஞ்சு வாங்க."

கண்டக்டர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"வர்றேன்" என்றார் டாக்டர்.

ஓடித்தான் வந்தார். பார்த்ததுமே முகம் மாறியது. அங்கிருந்தே ஐசியூவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, என்னிடம் திரும்பி, "காலையில எவ்வளவு வேகமா இருந்துச்சுன்னு கேக்கறாங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர்" என்றார். என் கையில் இருந்த சார்ட்டில் இருபதுதான் இருந்தது.

"நாப்பத்திரண்டு" என்றார் கண்டக்டர்.

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"எட்டு மணிக்கு நாப்பத்திரண்டு. பத்து மணிக்கு நாப்பத்தஞ்சு. பன்னெண்டரைக்கு முப்பது. வாட்ச்சைப் பாத்துத்தான் எண்ணினேன்."

டாக்டர் அந்த மூன்று எண்களையும் அப்படியே போனில் சொன்னார். பெட் கிடைத்துவிட்டது. கீழே எமர்ஜென்சியில் பெட்டுக்குக் காத்திருந்தவருக்கு இன்னும் திணறாமல் பேச முடிகிறது, அவர் கொஞ்சம் காத்திருக்கலாம் என்றார்கள். எமர்ஜென்சியிலிருந்து ஒரு நர்ஸை என் வார்டுக்கு வரவழைத்துவிட்டு, நானும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "டியூப் போட்டாச்சு. மெஷின்தான் மூச்சு விடுது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நின்னிருக்கும். ரெண்டு நாள் தாண்டினாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். கண்டக்டரைப் பார்த்துத்தான் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாப்பத்தஞ்சு வரைக்கும் போயிருக்கு. ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் எந்திரிச்சேன். அப்புறம் சார்ட்டைப் பாத்தேன். நீங்க இருபதுன்னு எழுதியிருந்தீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஓடுற பஸ்ல அறுபது தலையை எண்ணுறவன் சிஸ்டர் நான். ஒரு நாளும் தப்பினதில்ல. ஆனா இது ஆஸ்பத்திரி, இங்க எப்படி எண்ணுவாங்களோ, நமக்குத் தெரியலன்னு விட்டுட்டேன்."

மன்னிச்சுக்கோங்க என்ற வார்த்தையை எந்த முகத்தோடு சொல்வது?

"சரியா எண்ணுறேனான்னு பாக்க, பத்தாம் பெட்டுப் பெரியவரையும் எண்ணிப் பாத்தேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"எவ்வளவு வந்துச்சு?"

"முப்பத்தெட்டு. அவருக்கும் இருபதுன்னுதான் போட்டிருந்துச்சு. அதான், தப்பு நம்ம பேர்லதான்னு முடிவு பண்ணிட்டேன்."

எழுந்து ஓடினேன். மணி நாலாகப்போகிறது. வார்டில் எனக்குப் பதிலாக நிற்கிறவள், மேலே இருக்கிற என் இருபதைப் பார்த்தபடி, நாலு மணி சார்ட்டை எழுத ஆரம்பித்திருப்பாள்.