கடைசித் தண்ணீர்

கருவியில் 183 என்று வந்ததும் நான் அண்ணியைத்தான் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பால் பை நிரப்பும் இயந்திரத்துக்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த குழாயின் அடிப்பக்கத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பதைத் தாண்டினால் தோல்வி. இரண்டு நாளைக்கு முன்பு 171. இன்றைக்கு 183.

"எவ்ளோ?"

"நூத்தி எண்பத்தி மூணு, அண்ணி."

"அதே எடத்துலதான எடுத்த?"

"அதே எடம்தான்."

"நான் சொன்னேன்ல. அந்த ரப்பர் வளையத்துக்குப் பின்னாடி பால் தங்குது. கழட்டிக் குடுத்தா ஒரே தேய்ல போயிடும்."

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. ஐந்து மாதத்துக்கு முன் இந்தப் பால் ஆலையில் துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டவள் நான். ஆய்வகத்தில் பத்து வருடமாக இருப்பதால் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. அவர்கள் கழுவும் இயந்திரத்தைச் சோதித்து, சுத்தமா இல்லையா என்று எழுதும் வேலையும் எனக்கே வரும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பஞ்சுக் குச்சியால் இயந்திரத்தில் பால் இறங்கும் வாயைத் துடைத்து, அதன் குழலுக்குள் திரும்பச் செருகி, தலையை முறித்தால் உள்ளேயிருந்து மருந்துநீர் இறங்கும். மின்மினிப் பூச்சி எதனால் மினுங்குகிறதோ அந்தச் சரக்குதான் அதில் இருக்கிறது. பஞ்சில் பாலின் மிச்சமோ கிருமியோ துளி இருந்தாலும் அது ஒளி விடும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. கையடக்கக் கருவிக்குள் குழலைப் போட்டு மூடினால், அது பதினைந்து விநாடி எண்ணிவிட்டு, எவ்வளவு ஒளி என்று ஓர் எண்ணைக் காட்டும். ஒளி கூடினால் அழுக்கு அதிகம். இத்தனை ஆயிரம் குச்சி முறித்திருக்கிறேன், அந்த வெளிச்சத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்றைக்கு அண்ணி மறுபடி கழுவினார்கள், நான் மறுபடி எடுத்தேன். 162. பைகள் காத்திருக்கின்றன, வண்டிகள் காத்திருக்கின்றன என்று மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயந்திரம் ஓடலாம், பால் போகலாம், ஆனால் கழுவியவர் கணக்கில் மட்டும் அது தோல்வி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் தொடர்ந்து மூன்று தோல்வி வந்தால் வேலை நீடிக்காது. அண்ணிக்கு இரண்டாகிவிட்டது. ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எங்கள் வீட்டில் அந்த மூன்று வாரத்தைத்தான் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். புருஷன் வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு வந்து, எங்கள் முன்னறைச் சோபாவில் இரண்டு வருடம் படுத்த மனுஷி. வேலை நிரந்தரமானதும் போக ஓர் அறை பார்த்து வைத்திருந்தார்கள். மாடியில் ஒற்றை அறை, கிழக்குப் பக்கம் ஜன்னல், தனியாகக் குழாய். 'எனக்கே எனக்குன்னு ஒரு குழாய்' என்று அதை மட்டும் நாலு தடவை சொன்னார்கள். போகிறார்கள் என்பதில் எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். நான் கழுவி வைத்த டம்ளரை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், ஒன்றும் சொல்லாமல் மறுபடி கழுவுகிற ஆளோடு இரண்டு வருடம் ஒரே சமையலறையில் நின்று பார்த்தால் தெரியும். வீட்டில் அவர்கள் என்னைத் தோற்கடித்தார்கள், ஆலையில் நான் அவர்களை. அன்று சாயங்காலம் விஷயம் கேட்டதும் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அக்காதானே. கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?"

"அது என்ன பரீட்சைப் பேப்பரா, பாத்துப் போட? மெஷின்ல வர்ற நம்பர்."

"நம்பர எழுதறது நீதானே."

அண்ணி உள்ளேயிருந்து, "அவள ஏன்டா கேக்கற? அவ எழுதறது சரிதான். அழுக்கு இருக்கு," என்றார்கள். அதைக் கேட்க எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம்.

அண்ணியும் இன்னொருவரும் அதே இயந்திரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கழுவினார்கள். அந்த இன்னொருவருக்கு ஆலை முழுக்க ஜீரோ என்றுதான் பெயர். வேறெங்கேயும் ஒருவரை ஜீரோ என்றால் சண்டைக்கு வருவார். இவர் சிரித்துக்கொண்டே கும்பிடு போடுவார். அவர் கழுவிய நாளில் எண் நாலு, இரண்டு, சில நாள் சுத்தமாகப் பூஜ்யம். ஒரு வருடமாக அப்படி. மாதா மாதம் சிறந்த ஊழியர் பலகையில் அவர் படத்தை ஒட்டுவதே நான்தான்.

மறுநாள் அவர் முறை. இயந்திரத்தின் வாயில் குச்சியை விட்டு எடுத்தபோது கண் கரித்தது. கிருமி கொல்லும் திரவத்தின் வாடை. எங்கள் ஆட்கள் அதை மருந்து என்பார்கள். சோப்பு, தண்ணீர், மருந்து, கடைசியாக மறுபடி நல்ல தண்ணீர், இதுதான் முறை.

"அண்ணே, கடைசித் தண்ணி விட்டீங்களா?"

"அது எதுக்கும்மா? மருந்தப் போட்டுட்டு மறுபடி கழுவிட்டா, அப்புறம் எதுக்கு மருந்து?" என்றார் வெள்ளந்தியாக. "நான் ஒரு மூடிக்கு ரெண்டு மூடியாப் போடுவேன். நம்ம பொருளா, கம்பெனி பொருள்தானே."

கருவி 3 காட்டியது.

நான் ஆய்வகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டுப் பால் விட்டு, விரலால் பரப்பி, குச்சியால் எடுத்தேன். 2,460. அதே பால் மேல் ஒரு சொட்டு மருந்தை விட்டு இன்னொரு குச்சி. 5. தட்டில் பால் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிகிறது, கருவி சுத்தம் என்கிறது. மருந்து கிருமியை மட்டும் கொல்வதில்லை, குழலுக்குள் வரவேண்டிய வெளிச்சத்தையும் கொன்றுவிடுகிறது. மருந்து மிச்சமிருந்தால் எண் பொய் சொல்லும் என்று கருவியோடு வந்த புத்தகத்தில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்துப் பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன், என் கோடுதான். கோடு போட்ட கையே ஒரு வருடம் பூஜ்யங்களுக்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. எண் கூடினால் நாம் நூறு கேள்வி கேட்கிறோம். பூஜ்யம் வந்தால் ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

தட்டையும் கருவியையும் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய், மேஜை மேலேயே செய்து காட்டினேன். அவர் இரண்டு எண்களையும் பார்த்தார். பிறகு தட்டின் அடியில் ஒரு காகிதத்தை வைத்தார், மேஜை நனையாமல்.

"சரி, இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"அந்த வளையத்துல விரிசல் சார். பின்னாடி பால் தங்குது. தண்ணி விட்டு அலசுறவங்களுக்கு உண்மையான நம்பர் வருது. மருந்த அப்படியே விடுறவருக்குப் பூஜ்யம் வருது. வளையம் மாத்தச் சொல்லி மூணு தடவ எழுதிட்டேன்."

"அதே மெஷின், அதே வளையம். ஒருத்தருக்கு மூணு, ஒருத்தருக்கு நூத்தி எண்பது. அப்ப தப்பு வளையத்துலயா, ஆள்லயா?"

"அதத்தான சார் இவ்ளோ நேரம்..."

"இருங்க. நீங்க சொல்றது சரின்னே வெச்சுக்குவோம். அப்ப ஒரு வருஷ ரிப்போர்ட்டும் தப்பு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்." குரலை உயர்த்தவே இல்லை. "அதோட, அந்தம்மா உங்க வீட்டு ஆள்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கும் தெரியும். யோசிச்சு எழுதுங்க."

பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் 'என் கவனக்குறைவால்' என்று வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். வீரம் அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டில் அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினேன். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

"நாளைக்குக் கடைசித் தண்ணி விடாதீங்க அண்ணி."

"ஏன்?"

"விடாதீங்க. மருந்தோட நிறுத்திடுங்க. நம்பர் ஏறாது."

அண்ணி கையிலிருந்த கிண்ணத்தைக் குழாயடியில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். நுரை போய் வெகு நேரமாகியிருந்தது.

"அப்ப மருந்து பால்ல போகாது?"

"கொஞ்சம் போகும். அவரு கழுவுற நாள்ல போயிட்டுத்தான இருக்கு."

"வளையத்துக்குப் பின்னாடி இருக்கற அழுக்கு?"

"அது அங்கேயேதான் இருக்கும்."

"இருக்கும், ஆனா தெரியாது," என்றார்கள் அண்ணி. கேள்வியாகவும் இல்லை, குத்தலாகவும் இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். "நீ படிச்சவ, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." அந்தச் 'சரியாத்தான்' ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு வருடத்தில் அவர்கள் என் பேச்சை அப்படியே கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்குச் சோதனைப் பெட்டியோடு போனேன். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார், ஒரு மணிக்கு இயந்திரம் ஓடவேண்டும். அண்ணி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர்க் குழாய் சுருட்டியபடியே மாட்டியிருந்தது, அதன் வாய் காய்ந்திருந்தது. இயந்திரத்தை நெருங்கும்போதே கண் கரித்தது.

குச்சியை விட்டு எடுத்தேன். முறித்தேன். பதினைந்து விநாடியும் அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2.

"பாஸ்," என்றேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "அட, ரெண்டா? ஜீரோவுக்குப் போட்டி வந்துடுச்சு," என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. நான் பதிவேட்டைத் திறந்து தேதியை எழுதினேன். மாடியறை, கிழக்கு ஜன்னல், தனிக் குழாய், எல்லாம் இந்த ஒற்றை எண்ணில் கிடைத்துவிட்டது. எனக்கும் என் சமையலறை கிடைத்துவிட்டது.

எண்ணை எழுதப் பேனாவை வைத்தபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அண்ணி சுருட்டிய குழாயை இழுத்து, இயந்திரத்தின் வாய்க்குள் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்றீங்க, அதான் பாஸ் ஆயிடுச்சே. மணி ஆகுது," என்றார் சூப்பர்வைசர்.

"அது சோதனைக்கு. இது பாலுக்கு," என்றார்கள் அண்ணி, திரும்பாமல்.

ஒவ்வொரு வாயாக அலசினார்கள். நீர் அவர்கள் முழங்கை வழியாக வழிந்து புடவையை நனைத்தது. அவசரமே இல்லை. வீட்டில் என் டம்ளரைக் கழுவுகிற அதே நிதானம். சூப்பர்வைசர் சத்தம் போட்டுவிட்டு மேனேஜரைக் கூப்பிட வெளியே ஓடினார். கடைசி வாயையும் அலசி, முகர்ந்து பார்த்து, குழாயை மூடிவிட்டு அண்ணி என்னிடம் வந்தார்கள். மூச்சு வாங்கியது.

"இப்ப ஒண்ணு எடு."

"அண்ணி, வேணாம். எடுத்தா எழுதணும்."

"எழுதறதும் எழுதாததும் உன் பாடு. எனக்குத் தெரியணும். எடு."

பெட்டியில் ஒரே ஒரு குச்சி மிச்சமிருந்தது. கதவுக்கு வெளியே மேனேஜரின் செருப்புச் சத்தம் நெருங்கியது. குச்சியை விட்டு, வளையத்தின் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து முறித்தேன். கருவியை மூடினேன். பதினைந்து, பதினான்கு. அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாகக் குனிந்து, முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார்கள். பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்துக் கட்டம் காலியாகவே இருந்தது. அவர்கள் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுந்து மெல்லப் பரவியது. ஏழு, ஆறு.